யாழ்ப்பாணத்துச் சேனலுக்கு எந்த லிங்க் காசு தரும்: அமேசனா, டராஸா, தெரிந்த கடையா?

யாழ்ப்பாணத்தில் சமையல் வீடியோ போடும் ஏதாவது ஒரு சேனலின் கொமெண்ட் பகுதியைத் திறந்து பாருங்கள். "அக்கா, அந்த இடியப்ப உரல் எங்க வாங்கினீங்கள்?", "ஒடியல் மா கனடாவில கிடைக்குமா?", "இந்தச் சட்டி என்ன அளவு?" என்று கேள்விகள் வரிசையாக நிற்கும். பதில் பெரும்பாலும் ஒரு இதயப் படம். அதிகம் போனால் "கடையில வாங்கினது அம்மா" என்று ஒரு வரி. காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற ஆளுக்கு வழி சொல்லாமல் அனுப்பிவிடுகிறோம்.

தமிழ் வீடியோவுக்கு விளம்பரக் காசு எவ்வளவு வரும் என்பது சேனல் நடத்துகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1,000 சந்தாதாரர், 4,000 மணி நேரப் பார்வை என்ற வாசலைத் தாண்டிய பிறகும், கணக்கில் 100 டொலர் சேர்ந்தால்தான் கூகிள் அதை அனுப்பும். அதற்கே சில மாதம் காத்திருக்கும் சேனல்கள் உண்டு. அஃபிலியேட் லிங்க் என்பது அந்த வாசலுக்கு வெளியே நிற்கிறவருக்கும் திறந்திருக்கும் வழி. நீங்கள் காட்டிய பொருளை உங்கள் லிங்க் மூலம் ஒருவர் வாங்கினால் கடைக்காரர் உங்களுக்கு ஒரு பங்கு தருவார். வாங்குகிறவருக்கு விலை கூடாது.

எந்தக் கடையின் லிங்க்கைப் போடுவது என்பதில்தான் குழப்பம். நண்பர்களின் சேனல்களுக்கு டிஸ்கிரிப்ஷன் ஒழுங்குபடுத்திக் கொடுக்கும்போது முதலில் வரும் கேள்வி, "எது கூட வீதம் தரும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள் என்றே சொல்லி வருகிறேன். உங்கள் வீடியோவைப் பார்த்து வாங்குகிற ஆள் எந்த நாட்டில் இருக்கிறார், அந்தக் காசு எந்த வழியாக உங்கள் கைக்கு வரும், இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வீதத்துக்கு வந்தால் போதும்.

பார்ப்பவர் ஓரிடம், வாங்குபவர் ஓரிடம்

யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர்கள் பகுதிக்குப் போனால் எந்த நாட்டிலிருந்து எத்தனை சதவீதம் என்று காட்டும். யாழ்ப்பாணத்துச் சேனல்களில் பொதுவாக மூன்று கூட்டம் இருக்கும். உள்ளூர்ச் சனம், தமிழ்நாட்டுச் சனம், புலம்பெயர்ந்த நம் சனம். புலம்பெயர்ந்தவர்கள் என்றால் கனடா, இங்கிலாந்து, பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா என்று விரியும்.

இதில் தமிழ்நாட்டுக் கூட்டம் பார்வையில் முதலிடத்துக்கு வந்துவிடுவது உண்டு. ஆனால் லிங்க் கணக்கில் அவர்களிடமிருந்து காசு எடுப்பது நமக்குக் கடினம். அமேசன் இந்தியாவின் அஃபிலியேட் திட்டத்தில் சேர்ந்து பணம் பெற பான் என்ற இந்திய வரி எண்ணும் இந்திய வங்கிக் கணக்கும் வேண்டும். யூடியூப் ஷொப்பிங் அஃபிலியேட் திட்டம் 2024 அக்டோபரில் இந்தியாவில் பிளிப்கார்ட், மிந்திரா கடைகளோடு தொடங்கியது. அது சேனல்காரர் இருக்கும் நாட்டைப் பார்த்துத் திறக்கிற கதவு. பார்வையாளர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் கொக்குவிலில் இருந்தால் அந்தக் கதவு திறக்காது. அதனால் ஒரு சேனலின் லிங்க் வருமானத்தை மதிப்பிடும்போது இந்தியப் பார்வையைத் தனியே கழித்துவிட்டு, மிச்சத்தைப் பாருங்கள். மிச்சத்தில் கனடாவும் இங்கிலாந்தும் பெரிதாக நின்றால் ஒரு வழி. இலங்கை பெரிதாக நின்றால் வேறு வழி.

அமேசன்

புலம்பெயர்ந்த பார்வையாளர் உள்ள சேனலுக்கு அமேசனைத் தவிர்த்துவிட்டுக் கதைக்க முடியாது. ரொறன்ரோவில் இருக்கிறவருக்கும் லண்டனில் இருக்கிறவருக்கும் அது பழகிய கடை. அட்டை விவரம் ஏற்கெனவே உள்ளே இருக்கும், இரண்டு தட்டலில் ஓடர் போய்விடும்.

வீதத்தைப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். அமெரிக்க அமேசன் 2020 ஏப்ரலில் பல பிரிவுகளின் கொமிஷனை வெட்டியது. இப்போதைய அட்டவணையில் சமையலறைப் பொருட்களுக்கும் அச்சுப் புத்தகங்களுக்கும் 4.5 சதவீதம், வீட்டுச் சாமான்களுக்கு 3, கணினிக்கு 2.5, தொலைக்காட்சிக்கு 2, மளிகைக்கு 1. கனடா, இங்கிலாந்து, ஜேர்மனி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. இதை உங்கள் வீடியோவில் வைத்துப் பாருங்கள். 200 டொலர் தோசைமா அரைக்கும் கிரைண்டர் ஒன்று விற்றால் 9 டொலர். 8 டொலர் மிளகாய்த்தூள் பக்கற் விற்றால் 8 சதம். சமையல் சேனல்காரர் பலர் செய்வது நேர் எதிர். தூள், மா, எண்ணெய் எல்லாவற்றுக்கும் லிங்க் போட்டுவிட்டு, அடுப்பில் இருக்கும் சட்டிக்கும் மேசையில் இருக்கும் கிரைண்டருக்கும் போடாமல் விட்டுவிடுவார்கள்.

அமேசனின் பலம் வேறொன்று. உங்கள் லிங்க்கைத் தட்டியவர் 24 மணி நேரத்துக்குள் அந்தக் கடையில் எதை வாங்கினாலும் கணக்கு உங்களுக்கு. இடியப்ப உரல் பார்க்கப் போனவர் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினாலும் உங்கள் பங்கு வரும். அந்த 24 மணி நேரத்துக்குள் கூடையில் போட்டுவைத்தால், கூடை காலாவதியாகும் வரை, வழமையாக 90 நாள் வரை, அது உங்கள் கணக்கில்தான் நிற்கும். இதனால் நவம்பர் கடைசியில் வரும் கறுப்பு வெள்ளித் தள்ளுபடி, நத்தார்க் காலம் இரண்டிலும் அதே லிங்க், அதே பார்வைக்குக் கூடக் காசு தரும். பெரிய வீடியோ ஒன்றை ஒக்டோபரிலா டிசெம்பர் முதல் வாரத்திலா போடுவது என்று யோசித்தால், நவம்பர் நடுவில் போடுங்கள்.

இனி நாடு. அமேசன் கனடா வேறு, அமேசன் இங்கிலாந்து வேறு, ஜேர்மனி வேறு, பிரான்ஸ் வேறு. அமெரிக்க லிங்க்கை மட்டும் போட்டால் ஸ்கார்பரோவில் இருக்கும் அக்கா அதைத் தட்டி, அமெரிக்கக் கடையைப் பார்த்து, மூடிவிட்டுத் தன் கனடாக் கடையில் தேடி வாங்குவார். உங்களுக்கு ஒன்றும் வராது. யாழ்ப்பாணத்துச் சேனல்கள் கைவிடும் காசில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது என்பது என் எண்ணம். இதற்கு அமேசனே இலவசமாகத் தரும் வசதி வன்லிங்க். ஒவ்வொரு நாட்டுக் கணக்கையும் திறந்து இணைத்துவிட்டால் தட்டுகிறவரின் நாட்டைப் பார்த்து அந்தந்தக் கடைக்குத் திருப்பிவிடும். சுவிஸ், நோர்வே இரண்டுக்கும் சொந்த அமேசன் கடை கிடையாது. சுவிஸில் இருக்கிறவர்கள் ஜேர்மன், பிரெஞ்சுக் கடைகளில் வாங்குவார்கள். உங்கள் சேனலுக்கு சுவிஸ் பெரிய நாடென்றால் ஜேர்மன் கணக்கைத் திறக்காமல் விடாதீர்கள்.

வன்லிங்க் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடவும் வேண்டாம். அதே பொருள் அந்த நாட்டுக் கடையில் இல்லாவிட்டால் பார்வையாளர் சரியான இடத்துக்குப் போய்ச் சேரமாட்டார். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதைப் பார்ப்பது சுலபமில்லை. ரொறன்ரோவில் இருக்கும் மச்சானிடம் லிங்க்கைத் தட்டி என்ன வருகிறது என்று ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவரை வாங்கச் சொல்லாதீர்கள். உங்கள் சொந்த லிங்க்கில் நீங்களோ, உங்களுக்காக உறவினரோ நண்பரோ வாங்குவது அமேசன் விதிப்படி கணக்கில் சேராது. அடிக்கடி நடந்தால் கணக்கையே மூடிவிடுவார்கள்.

விதி என்று வந்ததால் இன்னொன்று. நம் ஊரில் வீடியோ போட்டவுடன் லிங்க்கைக் குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போட்டுவிடுவது பழக்கம். வீடியோவின் லிங்க்கைத் தாராளமாகப் போடுங்கள். அமேசன் லிங்க்கைப் போடாதீர்கள். மின்னஞ்சல், குறுஞ்செய்தி, அச்சுப் பிரசுரம் போன்றவை மூலம் அஃபிலியேட் லிங்க் பரப்புவதற்கு அவர்கள் விதியில் கட்டுப்பாடு உண்டு. விலையையும் டிஸ்கிரிப்ஷனில் எழுதிவைக்க வேண்டாம்; விலை மணிக்கு மணி மாறுகிற கடை அது, எழுதிவைத்த விலையும் விதிக்கு முரண்.

கணக்குத் திறந்த 180 நாளுக்குள் 3 விற்பனை நடக்காவிட்டால் கணக்கு மூடப்படும், திரும்ப விண்ணப்பிக்கலாம். ஐந்து நாட்டுக் கணக்கையும் ஒரே நாளில் திறப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். ஒவ்வொரு நாட்டுக்கும் இந்த 3 விற்பனை தனித்தனி. பார்வையாளர் அதிகமுள்ள நாட்டில் முதலில் திறந்து, விற்பனை நடந்த பிறகு அடுத்ததைத் திறப்பதுதான் பாதுகாப்பு.

டராஸ்

உங்கள் பார்வையாளரில் பாதிக்கு மேல் இலங்கையில் இருந்தால் கதை மாறும். அமேசன் லிங்க் அவர்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும்தான் உதவும். அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்ந்து பொருளின் விலையையே தாண்டிவிடுவது உண்டு. இணையக் கடையான டராஸ் 2016-இல் கேமு என்ற இணையக் கடையை வாங்கி இலங்கைக்கு வந்தது, 2018-இல் அலிபாபாவின் கைக்குப் போனது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு எங்கும் பார்சல் வரும். பொருளைக் கையில் வாங்கும்போது காசு கொடுக்கலாம் என்பதால் அட்டை இல்லாதவர்களும் வாங்குகிறார்கள்.

அந்த வசதியே சேனல்காரருக்கு இடைஞ்சலும் கூட. ஓடர் போட்டுவிட்டுப் பார்சல் வரும்போது வேண்டாம் என்று திருப்பினால் கொமிஷனும் திரும்பிவிடும். அறிக்கையில் காட்டும் ஓடர் எண்ணிக்கையைப் பார்த்து மகிழ்ந்துவிடாமல், பார்சல் ஒப்படைக்கப்பட்ட பிறகு உறுதியான தொகையை மட்டும் வருமானமாக எண்ணுங்கள். பிரிவுக்குப் பிரிவு வீதம் மாறும், பிரசாரக் காலத்தில் கூடும். பதினொராம் மாதம் பதினொராம் திகதி விற்பனைக்கு முன்னரே கணக்குக்குள் போய் எந்தப் பொருளுக்குக் கூட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற வீடியோவைத் திட்டமிடலாம்.

டராஸில் இன்னொரு பொறுப்பும் உண்டு. ஒரே பொருளைப் பத்து விற்பனையாளர் பத்து விலைக்குப் போட்டிருப்பார்கள். எல்லாம் ஒரே தரமில்லை. போலி மெமரி கார்டைக் காட்டி ஒரு பையனின் 3,000 ரூபாயைப் போக்கிவிட்டால், அவன் கடையைத் திட்டமாட்டான், உங்களைத்தான் திட்டுவான். நீங்கள் வாங்கிப் பாவித்த அதே விற்பனையாளரின் லிங்க்கை மட்டும் போடுங்கள். அந்த விற்பனையாளரிடம் சாமான் முடிந்துவிட்டால் லிங்க்கை எடுத்துவிடுங்கள். கைபேசி, மைக், விளக்கு, தலைக்கவசம் போன்றவற்றைக் காட்டும் உள்ளூர் டெக் சேனலுக்கு டராஸ் நல்ல இடம். ரூபாயாகவே வருவதால் அந்நியச் செலாவணித் தலையிடியும் இல்லை.

தெரிந்த கடையோடு நேரடியாக

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துச் சேனல்களுக்கு இதுவே கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் இதைத்தான் குறைவாகச் செய்கிறார்கள்.

ஒரு ஒடியல் கூழ் வீடியோவை எடுத்துக்கொள்வோம். மழைக்காலத்தில் போட்டால் வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு நாக்கு ஊறும். நண்டு, இறால், மீன் அவர்கள் ஊரிலேயே உண்டு. பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் தமிழ்க் கடைகளில் தேடினால் அகப்படும். செத்தல் மிளகாயும் புளியும் வீட்டிலேயே இருக்கும். நின்றுபோவது ஒடியல் மாவில். கொமெண்டில் வரும் கேள்வியும் அதுதான். அதை அமேசனில் தேடி லிங்க் போட்டால், ஒருவேளை கிடைத்தாலும் அது மளிகைப் பிரிவு, 1 சதவீதம். 10 டொலர் பக்கற்றுக்கு 10 சதம்.

இதையே ஸ்கார்பரோவிலோ லண்டனிலோ இணையத்தில் ஓடர் எடுக்கும் தமிழ்ப் பலசரக்குக் கடை ஒன்றோடு பேசுங்கள். "என் வீடியோவில் உங்கள் கடையைச் சொல்கிறேன், 'கூழ்' என்று ஒரு குறிச்சொல் தாருங்கள், அதைப் போட்டு வாங்குகிறவருக்குச் சிறிய கழிவு, எனக்கு 10 சதவீதம்" என்று கேட்கலாம். அந்தக் கடைக்கு ஒருவர் ஒடியல் மா ஒன்றுக்காக மட்டும் போகமாட்டார். கறித்தூள், பனங்கட்டி, புழுக்கொடியல், மோர்மிளகாய் என்று கூடை நிறையும். 60 டொலர் கூடைக்கு உங்களுக்கு 6 டொலர். அமேசனில் அந்த 6 டொலருக்கு 600 டொலர் மளிகை விற்க வேண்டும்.

அமேசனில் தேடினாலும் அகப்படாத சாமான்களும் நம் குசினியில் உண்டு. நீத்துப்பெட்டி, பனையோலைச் சுளகு, திருவலை. புட்டு அவிக்கும் வீடியோவில் நீத்துப்பெட்டியைப் பார்த்தவுடன் "இதை எப்படி எடுப்பிப்பது?" என்று கேட்காத ஆள் இல்லை. பனையோலைப் பொருள் செய்யும் பெண்கள் சங்கமோ சிறு தொழில் செய்கிறவரோ உங்கள் பகுதியில் இருந்தால், அவர்களோடு சேர்ந்து மாதம் ஒரு முறை ஓடர்களைத் திரட்டிப் பார்சலில் அனுப்பும் ஏற்பாடு செய்யலாம். இங்கே உங்கள் பங்கை நீங்களே பேசித் தீர்மானிக்கிறீர்கள். செய்கிறவரின் கூலியை நெருக்கி அந்தப் பங்கை எடுக்காதீர்கள். விலையை நியாயமாக வைத்து அதற்குள் எடுங்கள். வெளிநாட்டில் வாங்குகிறவர் அதைத் தருவார்.

இந்த வழியின் பலவீனம் கணக்கு. அமேசனில் எத்தனை தட்டல், எத்தனை விற்பனை என்று திரையில் தெரியும். தெரிந்த கடையில் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வாய்ப் பேச்சில் தொடங்கினால் மூன்றாம் மாதம் மனக்கசப்பில் முடியும். தொடங்கும்போதே வட்ஸ்அப்பில் என்றாலும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம், அனுப்பும் செலவு நீங்கலாகவா சேர்த்தா, குறிச்சொல் எத்தனை மாதம் உயிரோடு இருக்கும், ஒவ்வொரு மாதமும் எத்தனையாம் திகதி பணம் வரும், அந்தக் குறிச்சொல்லில் வந்த ஓடர் பட்டியலை யார் அனுப்புவார். கடைக்காரர் ஷொப்பிஃபை போன்ற தளத்தில் கடை நடத்தினால் ஒவ்வொரு குறிச்சொல்லும் எத்தனை முறை பாவிக்கப்பட்டது என்று அதுவே காட்டும். அந்தப் பக்கத்தின் படத்தை மாதம் ஒருமுறை அனுப்பச் சொன்னால் போதும். அப்படி அனுப்பத் தயங்கும் கடையோடு வீதப் பேச்சு வேண்டாம். ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரு தொகை வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள்.

குறிச்சொல்லுக்கு இன்னொரு நன்மை. லிங்க்கைத் தட்டத் தேவையில்லை. அம்மம்மா தொலைக்காட்சியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பார், மகள் கைபேசியில் ஓடர் போடுவார். லிங்க் அந்த வீட்டில் வேலை செய்யாது. காதில் விழுந்த ஒரு சொல் வேலை செய்யும்.

பயணச் சேனலும் டெக் சேனலும்

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வரும் கூட்டத்துக்கு அறை தேடும் வேலை உண்டு. ஊர்சுற்றும் வீடியோ போடுகிறவர்கள் புக்கிங், அகோடா போன்ற தளங்களின் லிங்க்கைப் போடலாம். ஆட்கள் வந்து தங்கிப் போன பிறகுதான் கொமிஷன் உறுதியாகும் என்பதால், ஏப்ரலில் நடந்த பதிவுக்குக் காசு ஆவணிக்குப் பிறகு வரும். இதை நம்பி மாதச் செலவை வகுக்க முடியாது. திருநெல்வேலியிலோ நல்லூரிலோ உள்ள சிறு விடுதிகளோடு மேலே சொன்ன குறிச்சொல் ஏற்பாட்டைச் செய்தால் விடுதிக்காரருக்கும் தளத்துக்குக் கொடுக்கும் பங்கு மிஞ்சும், உங்களுக்கும் விரைவில் வரும்.

டெக் சேனலுக்கு, பொருளைவிட மென்பொருள் சந்தா சில நேரம் மேல். வீடியோ எடிட் செய்யும் மென்பொருள், இணையத்தளம் வைக்கும் ஹோஸ்டிங், பதிப்புரிமைச் சிக்கல் இல்லாத இசை தரும் தளங்கள் பலவற்றுக்கு அஃபிலியேட் திட்டம் உண்டு. நாடு தடையில்லை, அனுப்பும் செலவில்லை, தமிழ்நாட்டுப் பார்வையாளரும் வாங்கலாம். மேலே கழித்துவிட்ட அந்தக் கூட்டம் இங்கே திரும்பவும் கணக்குக்குள் வருகிறது. நீங்களே தினமும் பாவிக்கும் மென்பொருளாக மட்டும் இருக்கட்டும்.

என் தெரிவு

சமையல் சேனல், பார்வையாளரில் கனடாவும் இங்கிலாந்தும் கூட என்றால், நேரடிக் கடை ஒன்றை முதலிலும் அமேசனை இரண்டாவதாகவும் வைப்பேன். உணவுப் பொருள் எல்லாம் கடைக்கு, பாத்திரமும் இயந்திரமும் அமேசனுக்கு என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்னாது. உள்ளூர் டெக் சேனல் என்றால் டராஸும் இரண்டு மூன்று மென்பொருளும் போதும். அமேசனுக்காக நேரம் செலவழிக்க வேண்டாம். வெளிநாட்டுப் பார்வையாளர் அதிகமுள்ள டெக் சேனல் அமேசனில் தொடங்கலாம், ஆனால் கைபேசியைவிட அதோடு வாங்கும் சின்னச் சாமான்களுக்கு லிங்க் போடுங்கள். கைபேசியை ஆட்கள் ஒரு கிழமை யோசித்து வாங்குவார்கள், 24 மணி நேரம் ஓடிவிடும். கம்பியையும் உறையையும் உடனே வாங்குவார்கள். ஊர்சுற்றும் சேனலுக்கு விடுதிகளோடு நேரடி ஏற்பாடு.

எல்லா லிங்க்கையும் ஒரே பக்கத்தில் அடுக்கிக் காட்டும் லிங்க்ட்ரீ போன்ற சேவைகள் பற்றியும் கேட்கிறார்கள். டிக்டொக் சுயவிவரத்தில் ஒரேயொரு லிங்க்தான் போடக் கிடைக்கும் என்றால் அது உதவும். யூடியூப் டிஸ்கிரிப்ஷனில் தேவையில்லை. நடுவில் ஒரு பக்கம் கூடினால் ஒரு தட்டல் கூடுகிறது, அந்தத் தட்டலில் பாதி ஆட்கள் போய்விடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கடையைத் தெரிந்தாலும் லிங்க் எங்கே இருக்கிறது என்பதும் பெரிய விஷயம். டிஸ்கிரிப்ஷனில் முதல் இரண்டு வரிதான் திறக்காமலே தெரியும். அந்த இடத்தில் "வணக்கம் உறவுகளே" என்று எழுதி வீணாக்காமல், "வீடியோவில் உள்ள இடியப்ப உரல்" என்று தமிழில் எழுதிப் பக்கத்தில் லிங்க்கைப் போடுங்கள். அதையே ஒரு கொமெண்டாகவும் போட்டு, எப்போதும் மேலே நிற்கும்படி பின் (pin) செய்யுங்கள். பத்து லிங்க்கை விட மூன்று நன்றாக வேலை செய்யும். ஷோர்ட்ஸ் வீடியோவின் டிஸ்கிரிப்ஷனிலும் கொமெண்டிலும் போடும் லிங்க்குகள் 2023 ஓகஸ்ட் 31 முதல் தட்டினால் திறப்பதில்லை. ஷோர்ட்ஸில் நல்ல பார்வை வருகிறதென்றால், தொடர்புடைய வீடியோ என்ற வசதியில் நீண்ட வீடியோவை இணைத்து அங்கே அழைத்துப் போங்கள்.

அமேசன் ஒரு கணக்குக்குள் 100 கண்காணிப்புக் குறி வரை வைத்துக்கொள்ள விடுகிறது. வீடியோ வகைக்கு ஒன்றாகப் பிரித்து வைத்தால் புட்டு வீடியோ விற்கிறதா, கூழ் வீடியோ விற்கிறதா என்று தெரியும். அப்புறம், பழைய வீடியோக்களை மறக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட தோசைமா வீடியோ இன்றும் நாளாந்தம் பார்க்கப்படலாம், அதன் கீழே செத்துப்போன லிங்க் இருக்கலாம். புதிய வீடியோ ஒன்று எடுக்கும் நேரத்தில் அதிகம் பார்க்கப்படும் இருபது பழைய வீடியோவின் டிஸ்கிரிப்ஷனைச் சரிசெய்தால் பலன் கூட.

லிங்க்கில் உங்களுக்குப் பங்கு வரும் என்பதைச் சொல்லிவிடுங்கள். அமேசன் அதைக் கட்டாயமாகக் கேட்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் விளம்பர ஒழுங்கு விதிகளும் கேட்கின்றன. "இந்த லிங்க் வழியாக வாங்கினால் எங்களுக்கு ஒரு சிறு பங்கு கிடைக்கும், உங்களுக்கு விலை கூடாது" என்று தமிழில் ஒரு வரி எழுதி, அமேசன் தரும் வாசகத்தையும் சேர்த்துவிடுங்கள். வீடியோவிலும் வாயால் சொல்லுங்கள். நம் சனம் அதைக் குறையாக நினைப்பதில்லை. "உங்கட லிங்க்கிலதான் வாங்கினன் தம்பி" என்று கொமெண்டில் வந்து சொல்கிறவர்கள் அவர்கள்.

காசு கைக்கு வருவது

அமேசன் ஒரு மாத வருமானத்தை அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளில் அனுப்பும். வங்கிக்கு அனுப்ப 10 டொலர் சேர்ந்தால் போதும், காசோலை என்றால் 100. பரிசு அட்டையாக எடுப்பதைத் தெரிவு செய்துவிடாதீர்கள். அது அமேசனுக்குள்ளேயே செலவழிக்கும் காசு, யாழ்ப்பாணத்தில் அதை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பேயோனியர் போன்ற சேவையில் கணக்குத் திறந்து, அது தரும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு எண்ணை அமேசனில் கொடுத்து, அங்கிருந்து இங்கே வங்கிக்கு எடுப்பதுதான் பலரும் போகும் வழி. அமெரிக்கக் கணக்குக்கு டபிள்யூ-8 பென் என்ற வரிப் படிவத்தை இணையத்திலேயே நிரப்பக் கேட்பார்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். முதலெழுத்து, தகப்பன் பெயர் மாறி மாறி எழுதுவதால் நம் ஆட்களின் கணக்குகள்தான் அடிக்கடி சரிபார்ப்பில் நின்றுவிடுகின்றன.

நேரடிக் கடைக்காரர் "உண்டியல்ல போட்டுவிடுறன்" என்பார். சுலபம்தான், ஆனால் வேண்டாம். வங்கி வழியாக, முடிந்தால் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவைக்கு அந்நியச் செலாவணியாக வங்கி வழியே வரும் வருமானத்துக்கு 2025 ஏப்ரல் முதல் இலங்கையில் வருமான வரி உண்டு. உச்ச வீதம் 15 சதவீதம். வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை தனிநபர் விலக்கு இருப்பதால் பெரும்பாலான சேனல்காரருக்கு உடனே வரி கட்ட வேண்டி வராது. உங்கள் லிங்க் வருமானம் எந்தப் பிரிவில் விழும் என்பதை ஒரு கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வங்கிப் பதிவு இருந்தால், கமரா வாங்கக் கடன் கேட்கப் போகும் நாளில் வங்கி முகாமையாளருக்குக் காட்ட ஒரு வருடக் கணக்கு உங்கள் கையில் இருக்கும்.